தின்னர் ஆற்றில் விழுந்தால்



இந்த மாதம் ஒரே ஒரு பாடம்தான். படிவம் 2 அறிவியல் புத்தகத்தில் ஐந்தாவது பாடம், 'ஆயர் டான் லாருத்தான்', அதாவது தண்ணீரும் கரைசலும். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை டியூஷனில் இதைத் தொடங்கினாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். "சார், உப்புத் தண்ணி, சீனித் தண்ணி, அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு புரியாவிட்டால், 2020இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் ஏன் குழாய் காய்ந்தது என்பதும் புரியாது. அதனால் உப்பிலிருந்து தொடங்கி ஆறு வரைக்கும் போவோம்.

முதலில் பெயர்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கரைக்கிற பொருள் கரைப்பான், மலாயில் பெலாருட். கரைகிற பொருள் கரைபொருள். மலாயில் பாஹான் லாருட். இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டால் கரைசல், அது லாருத்தான். கரையாமல் மிதந்துகொண்டு நிற்கிற கலவைக்கு அம்பாயான் என்று பெயர், தமிழில் தொங்கல். நாலு சொல்லையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் சொல்லைத்தான் பிள்ளைகள் அலட்சியம் செய்வார்கள். இன்றைய பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு "மறைந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோம். மறையவில்லை. உப்பு என்பது சோடியம், குளோரைடு என்ற இரண்டு வகை அயனிகள் வரிசையாக அடுக்கி வைத்த கட்டடம் மாதிரி. சோடியத்துக்கு நேர் மின்னூட்டம், குளோரைடுக்கு எதிர் மின்னூட்டம். தண்ணீர் மூலக்கூறுக்கும் இரண்டு முகம் உண்டு: ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர். ஆக்சிஜன் பக்கம் சோடியத்தைச் சூழ்ந்துகொள்ளும், ஹைட்ரஜன் பக்கம் குளோரைடைச் சூழ்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாகக் கட்டடத்திலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். சீனி கரையும்போது இப்படி உடைவதில்லை. சீனி மூலக்கூறு முழுசாகவே இருக்கும், கூட்டத்தை விட்டுப் பிரிந்து தண்ணீருக்குள் தனித்தனியாகத் திரியும். பரீட்சையில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

எவ்வளவு கரையும் என்பதற்கும் எல்லை உண்டு. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் உப்பு சுமார் 36 கிராம்தான் கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் கிடக்கும். அந்த நிலைக்குப் பெயர் நிறைவுற்ற கரைசல், மலாயில் லாருத்தான் தெப்பு. சீனி பெருந்தின்னி, அதே 100 கிராம் தண்ணீரில் 200 கிராம் வரை போகும், சுடுதண்ணீரில் இன்னும் அதிகம். ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: கரண்டியால் கலக்கினால் சீக்கிரம் கரையும், அதிகமாகக் கரையாது. தே ஓ குடிக்கிறவர் எவ்வளவு நேரம் கலக்கினாலும் எல்லைக்கு மேல் ஒரு மணி சீனிகூட உள்ளே போகாது. வாயு என்றால் கதை தலைகீழ். தண்ணீர் சூடாக ஆகக் குறைவாகத்தான் கரையும். வெயிலில் வைத்த ஆரஞ்சு சோடாவைத் திறந்தால் ஏன் பொங்குகிறது என்று இப்போது தெரிகிறதா?

சரி, மூன்றாவது சொல்லான கரைசலைத் தாண்டி நாலாவது சொல்லுக்கு வருவோம். நம்ம பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லிலிருந்து வந்தது. 1881இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரவீடுகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்தன. அதற்குப் பிறகு செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று முடிவாகி, களிமண் கிடைக்கிற இந்த இடத்தில் சூளைகள் எழும்பின. களிமண் அப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கிறது. மழை பெய்ததும் பக்கத்தில் ஓடுகிற கிள்ளான் ஆற்றை எட்டிப் பாருங்கள், அசல் தே தாரிக் நிறம். அந்த நிறம் கரைசல் இல்லை, தொங்கல். களிமண் தண்ணீரில் கரையவே இல்லை. மிக நுண்ணிய துகளாகப் பிரிந்து மிதக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் சீக்கிரம் அடியில் படியவில்லை? களிமண் துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். ஒன்றுசேர்ந்து கனமாக முடியாததால் மிதந்துகொண்டே இருக்கும். இதை உடைக்கத்தான் நீர் சுத்திகரிப்பு ஆலையில் அலுமினிய சல்பேட் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ஊரில் பாட்டிமார்கள் குடத்துத் தண்ணீரில் படிக்காரத்தைச் சுழற்றியதும் இதே வேலைதான். அலுமினியத்தின் நேர் மின்னூட்டம் களிமண்ணின் எதிர் மின்னூட்டத்தை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டி ஒட்டிப் பஞ்சு போலத் திரண்டு கீழே இறங்கும். மிச்சத்தை மணல் படுகை வடிகட்டும். கடைசியாகக் குளோரின் கிருமியைக் கொல்லும். இதே பாடத்தின் கடைசிப் பகுதியில் ஆலையின் படம் போட்டு இதையெல்லாம் விளக்கியிருப்பார்கள். பலரும் படத்தை வரைந்து மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

இப்போது கேள்வி. படியவைத்தல், வடிகட்டுதல், குளோரின், இந்த மூன்றில் எது *கரைந்துபோன* பொருளை எடுக்கும்?

எதுவும் எடுக்காது. மணல் படுகை துகளைத்தான் பிடிக்கும். கரைந்த மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறோடு கைகோத்துக்கொண்டு மணல் இடுக்கில் நடந்து போய்விடும். குளோரின் கிருமியைக் கொல்லும், உயிரில்லாத பொருளை என்ன செய்யும்?

2020 செப்டம்பர் 3க்கு வாருங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் முழுசாக முடியாத நேரம். கையைக் கழுவு, கையைக் கழுவு என்று வானொலி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் வாடை சிலாங்கூர் ஆற்று நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. கழிவு வந்தது அங்கே இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து, அதுவும் கரைப்பான் வகைக் கழிவு என்று அப்போது செய்திகளில் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றுத் திட்டத்தின் 1, 2, 3 ஆலைகளும் ரந்தாவ் பஞ்சாங் ஆலையும், ஆக நாலு ஆலைகள் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், ஷா ஆலாம், கோம்பாக் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளில் தண்ணீர் நின்றது.

நான் அந்த வாரம் கிள்ளானில் அக்கா வீட்டில் இருந்தேன். தண்ணீர் லோரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் வாளி, பானை, பழைய பெயிண்டு டப்பா என்று எதெது கிடைக்குமோ அத்தனையும் வரிசையில் நிற்கும். நாலாவது மாடிக்கு இரண்டு வாளியைத் தூக்கிப் போனால் மேலே சேரும்போது ஒன்றரை வாளிதான் மிஞ்சும். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ஆலைன்னா சுத்தம் பண்றதுக்குத்தானே? அழுக்குத் தண்ணி வந்தா சுத்தம் பண்ண வேண்டியதுதானே, எதுக்கு மூடிப்புட்டானுங்க?"

நியாயமான கேள்வி. மழைக்கு ஆறு எவ்வளவு கலங்கினாலும் பெரும்பாலும் ஆலை ஓடும். அது தொங்கல், ஆலைக்குப் பழகின எதிரி. கண்ணுக்குத் தெளிவாக வந்தாலும், உள்ளே தொழிற்சாலைக் கரைப்பான் கரைந்திருந்தால் அந்தப் படிகள் அதைப் பிடிக்காது. உள்ளே விட்டுவிட்டால் ஆலையின் தொட்டி, குழாய், வீட்டுத் தொட்டி என்று எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறிவிடும். மூடுவதுதான் புத்தி. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப பாக்க அழுக்கா இருக்கற தண்ணியவிட சுத்தமா தெரியற தண்ணி மோசமா?" என்றார். சில நேரம் ஆமாம். அடுத்த மாதமே, அக்டோபரில், வாடை காரணமாக மறுபடியும் ஆலைகள் மூடப்பட்டன. அக்காவின் வீட்டில் பெயிண்டு டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? தின்னர் ஒரு கரைப்பான். டப்பாவில் இருக்கும்போது அது பெயிண்டைக் கரைக்கிறது. ஆற்றில் விழுந்ததும் அது கரைபொருள். கரைப்பான் இப்போது தண்ணீர். ஆக கரைப்பான் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, அது அந்தக் கலவையில் செய்கிற வேலையின் பெயர். ஒருவர் வீட்டில் அப்பா, அவருடைய அப்பா வந்தால் பிள்ளை. அது மாதிரி. பொதுவாக எது அதிகமாக இருக்கிறதோ அதைக் கரைப்பான் என்கிறோம். கரைப்பான் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நாம் சுவாசிக்கிற காற்றே ஒரு கரைசல்தான். 78 விழுக்காடு நைட்ரஜன் அதில் கரைப்பான்.

"தின்னர் எண்ணெய் மாதிரிதானே சார், தண்ணீரில் எப்படிக் கரையும்?" என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான். வகுப்பிலேயே நல்ல கேள்வி அதுதான். இனம் இனத்தோடு சேரும் என்பதுதான் கரைதலின் விதி. மின்முகம் உள்ள தண்ணீர், மின்முகம் உள்ள உப்பையும் சீனியையும் கரைக்கும். மின்முகம் இல்லாத எண்ணெய், கொழுப்பு, பெயிண்டுப் பிசின் எல்லாம் மின்முகம் இல்லாத கரைப்பானில் கரையும். வாழையிலைச் சாப்பாட்டில் சட்டையில் சிந்திய மஞ்சள் கறை தண்ணீருக்குப் போகாமல் அடம்பிடிப்பது இதனால்தான். மஞ்சளின் நிறப்பொருளுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெயும் ஸ்பிரிட்டும்தான் ஆகும். அசிட்டோன் மட்டும் இரண்டு பக்கமும் உறவு வைத்துக்கொள்ளும் ஆள். நகப்பூச்சையும் கரைக்கும், தண்ணீரோடும் எந்த அளவிலும் கலக்கும்.

ஆனால் விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. "கரையாது" என்று நாம் சொல்வதெல்லாம் "மிகக் கொஞ்சமாகக் கரையும்" என்பதுதான். கோவிலில் தீர்த்தம் வாங்கும்போது பச்சைக் கற்பூரம் மணக்கிறதே, கற்பூரம் தண்ணீரில் எவ்வளவு கரையும் தெரியுமா? ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம். அர்ச்சகர் போடுவதோ ஒரு சிட்டிகை. ஆனாலும் உள்ளங்கையில் ஊற்றும்போதே மணம் வந்துவிடும். தின்னரில் பெரும்பாலும் இருக்கிற டொலுவீன் இதைவிடக் குறைவாக, லிட்டருக்கு அரை கிராம் அளவுக்குத்தான் கரையும். அந்த அரை கிராமே ஏராளம்.

எவ்வளவு ஏராளம் என்று கணக்குப் போடுவோம், பேனாவை எடுங்கள். தண்ணீரில் டொலுவீன் லிட்டருக்கு 0.024 முதல் 0.17 மில்லிகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி. நடுவாக 0.1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டொலுவீனின் எடை சுமார் 870 கிராம், அதாவது 8 லட்சத்து 70 ஆயிரம் மில்லிகிராம். அதை 0.1ஆல் வகுத்தால் 87 லட்சம் லிட்டர். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர். ஒரே ஒரு லிட்டர் டப்பா, மூன்றரை நீச்சல்குளத்தை நாற வைக்கும். ஆற்றில் ஒரு பகுதி காற்றில் பறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் கரைப்பான் ஒரு லிட்டர் டப்பாவிலா இருக்கும்? அங்கே தோம்புக் கணக்கு.

வாடையை ஆலையில் எப்படி அளக்கிறார்கள் என்பதும் இந்தப் பாடத்துக்குள்ளேதான் வரும். செய்தியில் 'டன்' என்று கேட்டிருப்பீர்கள், எடை டன் இல்லை, வாடையின் எண். சந்தேகமான தண்ணீரை எடுத்து, வாடையே இல்லாத சுத்தத் தண்ணீரை ஊற்றி நீர்த்துக்கொண்டே போவார்கள். எந்த அளவில் வாடை கடைசியாக லேசாகத் தெரிகிறதோ, அங்கே நிறுத்திக் கணக்கு. 25 மில்லிலிட்டர் மாதிரியை 200 மில்லிலிட்டராக ஆக்கின பிறகும் லேசாகத் தெரிந்தால், 200ஐ 25ஆல் வகுத்து எண் 8. மோந்து பார்க்கிறவர்கள் மனிதர்கள்தான். வீட்டில் பன்னீரை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் மூக்குக்கு வருகிற எண்ணும் தம்பியின் மூக்குக்கு வருகிற எண்ணும் ஒன்றாக இருக்காது.

அதற்காக மூக்கை முழுசாக நம்பிவிடாதீர்கள். பென்சீனும் ஒரு கரைப்பான், புற்றுநோய் உண்டாக்குவது. குடிநீரில் அதற்கு அதே நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆனால் தண்ணீரில் அதன் வாடை தெரிவதற்கு 10 மில்லிகிராம் வரை வேண்டும். எல்லையை ஆயிரம் மடங்கு தாண்டினால்தான் மூக்கு எழுந்திருக்கும். டொலுவீன் விஷயத்தில் மூக்கு முந்திக்கொண்டது, இங்கே தூங்கிவிட்டது.

மெத்தனால் இன்னும் மோசம். தண்ணீரில் எந்த அளவிலும் கலக்கும், நிறம் இல்லை, சாராயத்தில் இருக்கிற எத்தனாலோடு சேர்த்தால் வாசனையிலோ ருசியிலோ சாதாரண ஆளால் பிரித்துச் சொல்ல முடியாது. தொழிற்சாலைக் கரைப்பான் என்பதால் மலிவு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். உடம்புக்குள் ஈரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் பார்வை நரம்பு போகும். குடிக்காதே என்று நான் இங்கே உபதேசம் செய்ய வரவில்லை. உங்கள் வீட்டில் யாராவது மலிவு போத்தல் வாங்குகிறார்கள் என்றால், மறுநாள் கண் மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், 'மப்பு இன்னும் தெளியல' என்று படுக்க விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.

கரைந்ததை எடுக்கவே முடியாதா என்றால், முடியும். வேறு ஆயுதம் வேண்டும். கடல்நீரைக் காய்ச்சி வடித்தால் உப்பு தங்கிவிடும். கரைப்பான் வாடைக்குக் கரித்தூள், அதாவது செயலூட்டப்பட்ட கரி. அது சல்லடை இல்லை. அதன் உள்ளே முழுக்க நுண்துளை. ஒரு கிராம் கரியின் உள்மேற்பரப்பை விரித்தால் ஆறு பூப்பந்துத் திடலுக்குக் குறையாது. தண்ணீரோடு மனசில்லாமல் இருக்கிற டொலுவீன் போன்ற மூலக்கூறுகள் கரியைக் கண்டதும் அதில் ஒட்டிக்கொள்ளும். உப்பை அது தொடாது. "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காய்ச்சினால் கிருமி சாகும். ஈயம் மாதிரி கரைந்த உலோகம் போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்தியாகும். தின்னர் ஓரளவு ஆவியாகி உங்கள் சமையலறைக் காற்றில் சேரும்.

எல்லாவற்றையும்விட மலிவானது, கரைவதற்கு முன்னாலேயே பிடிப்பது. ஒரு தோம்பில் இருக்கும்வரை அது ஒரு தோம்புப் பிரச்சினை. ஆற்றில் கரைந்தால் ஒரு மாநிலத்தின் பிரச்சினை. அதனால்தான் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் பயன்படுத்தின கரைப்பான்களுக்குத் தனி எண் கொடுத்திருக்கிறார்கள்: எஸ்.டபிள்யூ. 322, 323. தொழிற்சாலையிலோ பட்டறையிலோ வேலைக்குப் போகப்போகிற அண்ணன்மார்கள் இந்த எண்ணைத் தோம்பின் மேல் பார்த்தால், அது கால்வாய்க்குப் போகிற பொருள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊற்றச் சொல்கிற மேற்பார்வையாளர் இருக்கத்தான் செய்வார். எண் தெரிந்தவனிடம் அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

வீட்டுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குக் கேட்டுக்கோ கதவுக்கோ எண்ணெய்ப் பெயிண்டு அடிப்பீர்கள். தூரிகை கழுவின தின்னரைச் சிங்கில் ஊற்றாதீர்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, இறுக மூடி, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சில நாளில் நிறத்தூள் அடியில் படியும், ஏனென்றால் அது தின்னரில் தொங்கல். மேலே நிற்கிற தெளிவான தின்னரை மெதுவாக வடித்து அடுத்த தூரிகைக்குப் பயன்படுத்தலாம். அது முழுச் சுத்தமாக இருக்காது, கையில் பட்டுக் காய்ந்தால் பிசுபிசுக்கும். ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்: பெயிண்டின் பிசின் அதில் கரைந்தே இருக்கிறது.

அடுத்த இதழுக்குள் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். கைக்குப் போடுகிற சானிடைசரில் எத்தனால் 75 விழுக்காடு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர் என்றால் அதில் கரைப்பான் எது? இன்னொன்று, ஒரு டம்ளரில் உப்பு, இன்னொன்றில் திருநீறு, மூன்றாவதில் கடலை எண்ணெய், மூன்றிலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, காப்பி வடிகட்டும் துணியில் ஊற்றிப் பாருங்கள். துணியில் எது தங்கியது, எது கீழே போனது, கீழே போனது போகவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? உப்பு டம்ளரை மட்டும் ருசி பார்த்தால் போதும்.